போனால் வருகிற மனுசி

மகளுக்குக் கொடுத்த சீதன வீட்டைக் கேதீஸ்வரி திருப்பி எழுதி வாங்கப் போகிறாளாம். வாங்கி விற்றுவிட்டு ஒரேயடியாக வெளிநாட்டுக்குப் போய்விடுவாளாம். இதை எனக்குச் சொன்னவர் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் சரீப். அவருக்குச் சொன்னது அவருடைய மனைவி ஹிதாயா. ஹிதாயாவுக்குச் சொன்னது, செட்டிபாளையத்திலிருந்து சேலை எடுக்க வந்த யாரோ ஒரு பெண்.

கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கி, ஊருக்குப் போகிற வழியில் இரண்டு சாரம் வாங்கிக்கொள்ளலாமென்று அந்தக் கடைக்குள் ஏறியிருந்தேன். செட்டிபாளையம் என்று நான் வாய் திறந்ததும் சரீப் தொடங்கிவிட்டார்.

"அங்க லெபனானுக்குப் போய் வந்த கேதீஸ்வரி எண்டு ஒரு பொம்புள இரிக்கா, தெரியுமா?"

"தெரியும்."

"அவவும் வெளிக்கிட்டா. ஊட்ட மகள்ட்ட இருந்து பறிச்சு விக்கப் போறாவாம். மகள்ட கலியாணமும் முறியப் போகுதெண்டு கதைக்காங்க. என்ன செய்யிற? நம்மட நாட்டுச் சனத்துக்குப் பாஸ்போட் கையில வந்தாக் கால் தரையில நிக்காது. போனவன் எவன் திரும்பி வந்த? அது சரி, நீங்க எந்த நாடு?"

"நான் அவட தம்பி" என்றேன்.

சரீப் விரித்த சாரத்தை மெதுவாக மடித்தார். பிறகு மறுபடியும் விரித்தார்.

"யா அல்லாஹ். கேள்விப்பட்டதச் சொன்னன் தம்பி, மனசில வெச்சிக்காதீங்க. இந்தா, இது நல்ல கரை. ஒங்களுக்கெண்டு குறைச்சுத் தாறன்."

அவர் சொன்னதில் ஒரு துளி மெய்யும் இருந்தது. அந்தத் துளி எப்படி இவ்வளவு கெதியில் காத்தான்குடி வரை வந்து சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சாரத்தை வாங்காமலே ஓட்டோவில் ஏறினேன்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு ஒரே மகள், தக்‌ஷாயினி. நான் பிழைக்கப் போன அதே குளிர்நாட்டில், வேறொரு நகரத்தில், புருசன் நிலோஜனோடு இருக்கிறாள். வயிற்றில் பிள்ளை. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்த முறை டொக்டர்மார் அவளைக் கட்டிலை விட்டு இறங்க வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நிலோஜன் பஸ் ஓட்டுகிறான். பகலும் இரவுமாக மாறி மாறி வேலை. தாய்மாமன் நான் போய்க் கதவருகில் நின்று, "என்னம்மா வேணும்?" என்று கேட்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா வேணும்" என்பாள்.

அக்கா விசாவுக்குப் போட்டாள். தூதரகத்திலிருந்து தொலைபேசியில் கேள்வி கேட்டார்கள். உனக்குச் சொந்தமாக வீடு இருக்கிறதா, காணி இருக்கிறதா என்று கேட்டபோது அக்கா சொன்ன பதில்: "ஒண்டுமில்ல. எல்லாத்தையும் மகளுக்குக் குடுத்திட்டன்."

மட்டக்களப்பில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒன்றுமில்லை என்று சொல்கிற தாய், அதைத் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்லுவாள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவள் அவள். அக்காவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். குரலில் பெருமை கூடத் தெரிந்திருக்கும். கேட்டவர்களுக்கு வேறு கணக்கு. விதவை, வீடில்லை, காணியில்லை, ஒரே பிள்ளை வெளிநாட்டில். சொந்த நாட்டோடு போதிய பிணைப்பு இல்லை என்று எழுதி மறுத்துவிட்டார்கள்.

இரண்டாம் தடவை போட்டிருந்தோம். தொலைபேசிக் கேள்வி அந்தக் கிழமையே வரவிருந்தது. இதுவும் தவறினால் பிள்ளை பிறப்பதற்கு முன் இன்னொரு தடவை போட நேரமில்லை. அதனால்தான் நான் லீவு எடுத்து வந்தேன்.

*

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. உயரமானவள். வாவிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரலில்தான் பக்கத்தில் நிற்கிறவரோடும் கதைப்பாள். படம் எடுத்தால் சிரிக்கமாட்டாள். நான் வேலை செய்யுமிடத்தில், இலங்கையர் என்றாலே சிரித்த முகமென்று ஒரு பேச்சு இருக்கிறது. கடற்கரைக்கு விடுமுறை வந்து போனவர்கள் கொண்டுவந்த பேச்சு. ஒருநாள் அக்காவின் படத்தைக் காட்டினேன். "உன் அக்காவுக்கு யார் மேல் கோபம்?" என்று கேட்டார்கள். ஒருவர் மேலும் இல்லை. அவளுடைய முகமே அப்படித்தான்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் கலைந்தபோது, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்க் கிடந்தோம். நான் சின்னவன். ஊருக்குள் போகலாமா, போகக்கூடாதா என்று ஆம்பிளைகள் மரத்தடியில் இருந்து கதைத்துக்கொண்டிருக்க, அக்கா ஒரு தோணிக்காரனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். கட்டி வைத்துவிட்டு வந்த மாடு சாகப்போகிறது என்பது அவளுடைய நியாயம். மாடு செத்திருந்தது. அவள் திரும்பி வரவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டாள். அடுத்த நாள் நாங்கள் அவளைத் தேடிக்கொண்டு போனோம். அப்படித்தான் எங்கள் தெரு ஊர் திரும்பியது.

சுனாமியிலும் அதே கதை. பள்ளிக்கூட முகாமில் பாயும் வாளியும் கொடுத்த கையோடு, அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றை இறைக்கத் தொடங்கியவள் அவள்.

இரண்டுக்கும் நடுவில் லெபனான். புருசனுக்கு நெஞ்சு வருத்தம் வந்து வேலை செய்ய முடியாமல் போனபோது, எட்டு வயது தக்‌ஷாயினியை எங்கள் சின்னம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கே சிறிலங்கா என்பது ஒரு நாட்டின் பெயராக இல்லை. வீட்டு எசமானி 'மடம்' ஆனதுபோல, வீட்டு வேலைக்காரிக்கே அது பெயராகிப் போயிருந்தது.

"எதிர்வீட்டு மடம் என்ன சொல்லுவா தெரியுமா?" அக்கா இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "'என்ட சிறிலங்கா நல்லாச் சமைப்பாள், அவள் பிலிப்பைன்ஸ்காரி' எண்டு சொல்லுவா! மறுகா என்னப் பாத்து, நீயும் பிலிப்பைன்ஸா எண்டு கேப்பா. நான் சொல்லுவன், இல்ல மடம், நான் சிறிலங்காட சிறிலங்கா."

ஒப்பந்தம் முடிகிற மாதம் அக்கா வேலை செய்த வீட்டு மடம் அவளுடைய பாஸ்போட்டை ஒளித்துவைத்தாளாம். திருட்டுக் குணத்தில் இல்லை. உங்கள் நாட்டுப் பெண்கள் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு வீட்டுக்குப் பாய்ந்துவிடுவார்கள், நாட்டுக்குப் போகமாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி. அக்கா சமையலறைத் தரையில் இருந்துவிட்டாள். அடுப்பு மூட்டவில்லை. பாஸ்போட் வந்தது, கூடவே ஒரு தங்கக் காப்பும் வந்தது, இன்னும் இரண்டு வருசம் நில் என்று. காப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விமானம் ஏறினாள்.

அந்த உழைப்பில் எழும்பியதுதான் வாவிப் பக்கத்தில் இப்போது நிற்கிற வீடு. மூன்று அறை, விறாந்தை, ஓட்டுக்கூரை. தக்‌ஷாயினியின் கலியாணத்தில் அக்கா அதை அவள் பெயருக்கு எழுதினாள். மகளும் மருமகனும் வெளிநாட்டுக்குப் போன பிறகும், புருசன் கதிர்காமத்தம்பி இறந்த பிறகும், அக்கா குசினிக்குப் பின்னாலிருக்கிற சிறிய அறையில்தான் படுக்கிறாள். பெரிய அறைகளைத் தினமும் கூட்டித் துடைத்துப் பூட்டிவைப்பாள்.

"ஏன் அக்கா, காத்தோட்டமா அங்க படுக்கலாமே?"

"அது மகள்ட அறை."

ஊரில் அவளுக்கு 'போனா வாற மனுசி' என்று ஒரு பெயர் உண்டு. ஊர் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும்போது இது ஒரு பகிடியும்தான்.

*

வீட்டைத் திருப்பி எழுதுகிற யோசனை நிலோஜனுடையது. முதல் மறுப்பு வந்த அன்று வீடியோவில் சொன்னான்.

"மாமி, ஒரு ஆறு மாசத்துக்கு வீட்ட உங்கட பேருக்கு மாத்துவம். நீங்க வந்துட்டுப் போன பிறகு மறுபடி இவள்ட பேருக்கு மாத்தலாம். சும்மா ஒரு பேப்பர்தானே."

அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஆனால் நிலோஜன் அதற்கு முன்பே மட்டக்களப்பில் காணிப் பத்திரம் எழுதுகிற, தெரிந்த ஒரு நொத்தாரிசோடு பேசியிருந்தான். நொத்தாரிசின் கந்தோரில் வேலை செய்கிறவர் எங்கள் ஊரார். அதற்குமேல் சொல்லவேண்டியதில்லை.

நான் வந்த மறுநாள் காலையில் வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. இறங்கியவள் இரத்தினம்மா, நிலோஜனின் தாய். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம். எங்கே போனாலும் ஒரு கட்டு வெற்றிலையோடு போகிறவள், அன்றைக்கு வெறுங்கையோடு வந்திருந்தாள். எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

"என்ன மச்சாள், நான் கேள்விப்பட்டது மெய்யா?"

"இருங்க மச்சாள். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

"தேத்தண்ணி வேணாம். குடுத்த வீட்டத் திருப்பி எடுக்கிறீங்களாம். ஊர் முழுக்க நாறுது. அப்ப என்ட மகன் ஆருட வீட்டுக்கு மாப்பிள? நடுத்தெருவுக்கு மாப்பிளயா? அவன் என்ன பிழை விட்டவன்? சொல்லுங்க, என்ட முகத்துக்கு நேர சொல்லுங்க."

"நான் கேக்கல்ல மச்சாள்."

"மறுகா ஆர் கேட்ட?"

"உங்கட மகன்."

இரத்தினம்மா கதிரையில் இருந்தாள். அதுவரை இருக்கமாட்டேன் என்று நின்றவள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் போனை எடுத்து, அங்கே விடிந்ததா விடியவில்லையா என்று பாராமல் மகனுக்கு அடித்தாள். தூக்கக் கண்ணோடு நிலோஜன் திரையில் வந்தான்.

"டேய், குளிருக்க மூளையும் உறைஞ்சிட்டாடா? பெத்த தாயப் பாத்து மகள்ட்ட இருந்து வீட்டத் திருப்பி வாங்கச் சொல்லுறயாம். இத உன்ட அப்பன் கேட்டிருந்தா நாக்க அறுத்திருப்பார்."

"அம்மா, அது விசாவுக்கு. அங்க உள்ள ஆக்களுக்கு வீடு இரிக்கிறவன்தான் திரும்பிப் போவான் எண்டு..."

"இவ போனாத் திரும்பி வருவா எண்டு இஞ்ச நாய் பூனைக்கும் தெரியும்!"

"அது அவங்களுக்குத் தெரியாதே அம்மா."

இரத்தினம்மா போனை அணைத்தாள். பிறகு இரத்தினம்மா எழும்பிக் குசினிக்குள் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"எழுத வேணாம் மச்சாள்" என்றாள். "நாளைக்கு ஒரு பிள்ள பொறந்து, அது பொம்புளப் பிள்ளயா இருந்தா, அதுட வீட்டில ஒரு தரம் கை வெச்ச கதை காலத்துக்கும் நிக்கும்."

"நான் எப்ப எழுதுறன் எண்டு சொன்ன?" என்றாள் அக்கா.

அதோடு வீட்டுக்கதை முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை. கையில் காட்ட ஒன்றுமில்லாமல், வெறும் வாயை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் போகவேண்டும்.

பகல் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மெதுவாகக் கதையுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. குளிர் ஒத்துக்கொள்ளாது, கனநாள் நிற்க ஏலாது என்று சொல்லுங்க.

"எனக்குக் குளிருக்குப் பயமில்லயே."

"அது அவங்களுக்குத் தெரியவேண்டியதில்ல. ஊர்ப்பக்கத்துப் பாவப்பட்ட ஒரு அம்மா மாதிரி..."

"நான் பாவப்பட்ட அம்மாவாடா?"

"இல்ல அக்கா. அவங்களிட்ட ஒரு படம் இரிக்கு. அதுக்குள்ள நீங்க கொஞ்சம் குனிஞ்சு நிண்டாப் போதும்."

அக்கா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை. "குனிஞ்சா முதுகு நோகும்" என்றாள்.

அன்று பின்னேரம் தக்‌ஷாயினி எடுத்தாள். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள். அக்காவின் குரல் எனக்குக் கேட்காமல் போன ஒரே நேரம் அதுதான். திரும்பி வந்தவள் பூட்டியிருந்த அறைகளைத் திறந்து, காலையில் கூட்டிய தரையை மறுபடியும் கூட்டினாள்.

*

மறுநாள்தான் போன் வருகிற நாள், விறாந்தையில் கதிரை ஒன்றைச் சுவரோடு போட்டு அதன் மேல் போனை வைத்தோம். எங்கள் வீட்டில் அந்த இடத்தில்தான் சிக்னல் நிற்கும். வாவியிலிருந்து கச்சான் காற்று சூடாக வந்துகொண்டிருந்தது. கூப்பிடாமலே இரத்தினம்மாவும் வந்திருந்தாள். இந்த முறை வெற்றிலைக் கட்டோடு.

"மச்சாள், ஒரு சத்தமும் வரக்கூடாது" என்றேன்.

"நான் வாயே தொறக்கமாட்டன் தம்பி." சாட்சிக்கு ஒரு முழு வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

கொழும்பு இலக்கம் அடித்தது. அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஆங்கிலம் பேசுகிற ஒரு பெண் அதிகாரியும், தமிழில் மாற்றிச் சொல்கிற ஒரு ஆணும் இருந்தார்கள். எனக்கு இரண்டு மொழியும் விளங்குவதால் ஒவ்வொரு கேள்வியும் இரண்டு தரம் வந்து இடித்தது.

எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

"மகளுக்குப் பிள்ள பொறக்கப் போகுது. இதுக்கு முதல் ரெண்டு தங்கல்ல. பக்கத்தில ஒரு ஆள் வேணும்."

எப்போது திரும்புவீர்கள்?

"விதைப்புக்கு முதல் வந்திருவன்."

"விதைப்பு என்றால் எந்த மாதம் அம்மா?"

"மழையப் பாத்துத்தான். ஐப்பசி எண்டு வெச்சுக்கொள்ளுங்க. படுவான்கரையில வட்டைக்குள்ள எங்கட வயல் கிடக்கு."

அந்த வயல் உங்கள் பெயரிலா?

நான் கையால் சைகை காட்டினேன். என்ன சைகை என்று எனக்கே தெரியாது.

"மகள்ட பேரில. நான் செய்யிறன்."

வீடு?

"மகள்ட வீடு."

விசைப்பலகையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு. அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: இவர்கள் எல்லாருக்கும் திரும்பிப்போக ஒரு அறுவடை இருக்கிறது, ஒவ்வொருவருக்கும். கோபமில்லை அந்தக் குரலில். களைப்புத்தான். காலையிலிருந்து எத்தனை பேருடைய வயலைக் கேட்டிருப்பாளோ. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லவில்லை. "சரி அம்மா" என்று மட்டும் சொன்னார்.

இதற்கு முன் வெளிநாடு போயிருக்கிறீர்களா?

"லெபனான். வேலைக்கு. ஒப்பந்தம் முடிஞ்ச உடன வந்திட்டன். மடம் நிக்கச் சொல்லியும் நிக்கல்ல."

நான் மூச்சை விட்டேன். இது நல்ல பதில். நான் சொல்லிக் கொடுக்காமலே வந்த நல்ல பதில். அதிகாரி தட்டுவதை நிறுத்தினாள். பிறகு கேட்டாள். அவள் கெட்டிக்காரி.

"அப்போது உங்கள் மகள் இலங்கையில்தானே இருந்தாள் அம்மா?" மொழிபெயர்ப்பாளரின் குரல் மரியாதையாக இருந்தது. "இப்போது மகள் அங்கே இருக்கிறாள். மகள் உங்களைப் போகவேண்டாம், தன்னோடு இருந்துவிடுங்கள் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?"

"வருவா! அவ வருவா!" இரத்தினம்மா வெற்றிலையோடு எழும்பிவிட்டாள். "போனா வாற மனுசி அவ, இஞ்ச ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க!"

மறுமுனையில் ஆங்கிலம் கூர்மையானது. யார் அங்கே? யார் பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? நான் இரண்டு கைகளாலும் இரத்தினம்மாவின் தோளை அழுத்தினேன்.

"என்ட சம்பந்தி" என்றாள் அக்கா நிதானமாக. "பிள்ளயிட மற்றத் தாய். வாய் கொஞ்சம் நீளம், மனுசி நல்லம்."

மற்றவர்கள் தள்ளிப் போகவேண்டும் என்று சொன்னார்கள். நாங்கள் விறாந்தையின் மற்றப் பக்கத்துக்குப் போய் நின்றோம். கேள்வி மறுபடியும் வந்தது, அதே சொற்களோடு. மகள் இருக்கச் சொன்னால்?

அக்கா வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

இன்றைக்கும் எனக்கு நினைவிருப்பது அந்த அமைதிதான். லெபனான் மடத்துக்கும், ஊர் கலைந்த நாளில் மரத்தடி ஆம்பிளைகளுக்கும், சம்பந்திக்கும் உடனே பதில் வைத்திருந்த மனுசி, ஸ்பீக்கரில் காற்று இரையப் பேசாமல் இருந்தாள். ஒரு 'வருவன்' போதும். நாலே நாலு எழுத்து. நான் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

"அம்மா, கேட்கிறதா?"

"கேக்குது."

அதிகாரிக்கு வேறொரு அழைப்பு இருந்தது. இன்னும் அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுப்போம், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்து நேராகப் பதில் சொல்லுங்கள், அதோடு முடிந்துவிடும் என்றார் மொழிபெயர்ப்பாளர். தொடர்பு அறுந்தது.

*

"என்ன அக்கா இது?" நான் கத்தியே விட்டேன். "வருவன் எண்டு சொல்ல என்ன கஷ்டம்? வருவீங்கதானே!"

அக்கா போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அவள் கேட்டவள்" என்றாள்.

"என்ன கேட்டவள்?"

"அம்மா வந்தாப் போகாதீங்க எண்டு. விசா முடிஞ்சாலும் பரவாயில்ல, ஒரு வழி பாக்கலாம், பக்கத்து வீட்டில ஒரு அம்மா அப்பிடித்தான் நிக்காவாம் எண்டு. அழுதவள். சின்னதில கூட அவள் என்னட்ட அப்பிடி அழல்ல."

"நீங்க என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல. வீட்டக் கூட்டினன்."

இரத்தினம்மா வெற்றிலையை வெளியில் துப்பிவிட்டு வந்து பக்கத்தில் குந்தினாள். அவளுடைய குரலும் இறங்கியிருந்தது. "மச்சாள், நான் ஒண்டு சொல்லட்டா? இப்ப வருவன் எண்டு சொல்லுங்க. அங்க போய் மனசு சொல்லுறதச் செய்யுங்க. எல்லாரும் அப்பிடித்தானே செய்யிற. என்ட பொடியனுக்கும் ஒரு நேரம் சூடாச் சோறு கிடைக்கும்."

"அதத்தானே மச்சாள் அந்தப் பொம்புளயும் சொல்லுறா. நாங்க எல்லாரும் அப்பிடி எண்டு."

"அவ எப்ப சொன்ன?" என்று கேட்டேன். அந்த வரியை யாரும் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை.

"எனக்கு இங்கிலீசு விளங்காதுடா. பெருமூச்சு விளங்கும்."

நான் கெஞ்சத் தொடங்கினேன். அக்கா, பொய் சொல்லவேண்டாம். வருவதாக முடிவெடுத்துவிட்டு வருவன் என்று சொல்லுங்க, அது மெய்தானே. இவ்வளவு காலமும் நீங்க போன இடத்திலிருந்து வராமல் விட்டதேயில்லை. லெபனானிலிருந்து வந்தீங்க, தங்கக் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தீங்க.

"லெபனான்ல இருந்து நான் ஊருக்கா வந்தன்?" அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு வயசில விட்டுட்டுப் போன புள்ள இஞ்ச கிடந்தாள். அதுக்கு வந்தன். நீங்களெல்லாம் சேந்து எனக்கு ஒரு பேர் வெச்சீங்க. நானும் அந்தப் பேரோட திரிஞ்சன். அது பிழையில்ல. ஆனா அந்தப் பொம்புள கேட்ட கேள்விய இந்த ஊரில ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்ல. நீயும் கேக்கல்ல."

"அப்ப... போனா நிண்டிருவீங்களா?"

"தெரியாதுடா. அதான் சொல்லுறன். தெரியாது."

இதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. நின்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். வருவேன் என்று சொல்லியிருந்தால் முதுகில் தட்டியிருப்பேன். தெரியாது என்பதைக் கொழும்பில் யாரிடம் கொடுப்பது? அவர்களிடம் இரண்டு பெட்டிதான் இருக்கும். நின்றுவிடுகிறவர்கள் ஒன்றில், திரும்புகிறவர்கள் மற்றதில். தெரியாது என்கிற ஒரு தாய் எதற்குள்ளும் அடங்கமாட்டாள். நின்றுவிடுகிறவர்களின் பெட்டிக்குள்தான் போடுவார்கள். அங்கே கட்டிலில் கிடக்கிறவள் பிள்ளையைத் தனியே பெறுவாள். பெறுவாளோ என்பதும் நிச்சயமில்லை.

"அக்கா, தெரியாது எண்டு மட்டும் சொல்லிராதீங்க. உங்களக் கும்பிடுறன்."

"மகளுக்காகப் பொய் சொன்னாப் பாவமில்ல மச்சாள்" என்றாள் இரத்தினம்மா.

"பாவத்துக்குப் பயந்தா இருக்கன்?" அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "இப்ப வருவன் எண்டு ஒரு வாய் சொல்லிற்றன் எண்டு வைங்க, மறுகா நான் வந்துதான் ஆகவேணும். என்னத் தெரியும்தானே. அவள் காலப் பிடிச்சு அழுதாலும் வந்திருவன். அதுக்குத்தான் யோசிக்கன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொய் சொல்ல மறுக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். மெய்யாகிவிடுமே என்று அவள் பயந்தாள். அந்த ஒரு சொல் விசாவை வாங்கித் தரும். அதே சொல் மகளிடமிருந்து அவளைப் பிரித்து விமானத்திலும் ஏற்றிவிடும். சொல்லாவிட்டால் போகவே முடியாது.

இரத்தினம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒரு வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

தெருவில் மீன்காரனின் மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மூன்று பேரும் திடுக்கிட்டுப் போனைப் பார்த்தோம். அது இல்லை. இரத்தினம்மா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"தங்கச்சிக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேப்பமா?" என்றேன். மருமகளை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"வேணாம். அவளிட்டக் கேட்டா அவள் திருப்பி அழுவாள். இது அவளுக்குக் கேட்ட கேள்வியில்ல."

பிறகு போன் அடித்தது.

கொழும்பு இலக்கம். கதிரையின் பலகையில் போன் நடுங்கி நடுங்கி விளிம்பை நோக்கி நகர்ந்தது. விழப்போகிறது என்று நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். தானே கையில் தூக்கினாள். நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். கதைப்பதற்கு முன் எப்போதும் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, எடுங்க. வெட்டுப்படப் போகுது."

அவளுடைய பெருவிரல் திரைக்குமேல் நின்றது. போன் அவள் கைக்குள் இருந்து அடித்துக்கொண்டே இருந்தது.